சேமலாப நிதி யாருடையது?

பசறையிலோ நமுனுகுலையிலோ கொழுந்தெடுத்த ஒரு தாய் 50 வயதுக்குப்பின் வேலையை விட்டு விண்ணப்பித்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி மொத்தமாக அவள் கைக்கு வருகிறது. அவள் சம்பளத்தில் கழித்தது நூற்றுக்கு 8. நிர்வாகம் சேர்த்தது நூற்றுக்கு 12. இரண்டுமே அவள் உழைப்பின் பயன்தான். அரசாங்க உத்தியோகத்தருக்குள்ள மாதாந்த ஓய்வூதியம் அவளுக்குக் கிடையாது.

பணம் வருமுன்பே வீட்டில் கணக்குப் போட்டாகிவிடுகிறது: மகனுக்கு முச்சக்கர வண்டி, மகளுக்குக் கல்யாணம், பழைய கடன். இத்தேவைகள் பொய்யல்ல. ஆயினும் பெற்ற மனத்துக்கு மறுக்கத் தெரியாது. மறுக்க முடியாதவரிடம் வாங்கிய சம்மதம் முழுச் சம்மதமாகுமா?

சில நாடுகளில் ஓய்வுபெறுவோர் அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் பெயர் பதிகின்றனர். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது பெரும் பேறு. ஆனால் பதுளைக்குப் போக பஸ் கட்டணம் வேண்டும். துணைக்குச் செல்பவர் ஒருநாட் சம்பளத்தை இழக்கிறார். சில மருந்துகளை வெளியே வாங்கவேண்டியும் வரும். அந்நாளில் அத்தாய்க்கு இந்நிதியே காப்புறுதி.

ஆகவே, பிள்ளைகளே, நோய்க்கும் உணவுக்குமான பங்கை முதலில் அவள் பெயரிலேயே வங்கியில் இடுங்கள். மிஞ்சியதில் அவள் விரும்பித் தருவதை நன்றியோடு பெறுங்கள். நான்காம் கட்டளை பெற்றோரைப் பேணச் சொல்கிறது. அவர்களுடைய பணத்தை அவர்களிடமே விட்டுவைப்பதும் அதில் அடங்கும்.