கருவிக்கும் குணம் உண்டு

மண்வெட்டி வாங்கும்போது வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்காதீர்கள். தகடும் காம்பு நுழையும் வளையமும் சேரும் இடத்தைப் பாருங்கள். சுமை முழுவதையும் தாங்குவது அதுதான். தகட்டைச் சுண்டினால் கணீரென ஒலிக்க வேண்டும்; ஒலி மந்தமானால் விரிசல் இருக்கலாம். காம்புக்குக் கருவேலங்கட்டை நல்லது. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடினால், ஓங்கி வெட்டும்போது முறியும்.

அரிவாள் வேண்டுமா? பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்துத் தரும் கொல்லுப்பட்டறையைத் தேடுங்கள். அந்த எஃகு மழுங்கினாலும் சாணை பிடித்துப் பல காலம் புழங்கலாம்.

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.

பழுது பார்க்க முடியாத கருவி எத்தனை மலிவானாலும் நட்டமே. நல்ல கருவியைக் கொடுப்பது, உழைக்கும் கைக்குச் செய்யும் மரியாதை.