சாம்பலுக்கு ஏது பட்டா?

கடலில் சாம்பலைக் கரைப்பது சரியா தப்பா என்று யோசிக்க வேண்டுமென்றால் முதலில் கையில் சாம்பல் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் நம் நாட்டுத் தத்துவக்காரர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஆன்மா எங்கே போகும், பஞ்சபூதத்தில் எது எதோடு கலக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், ஒரு உடம்பு சாம்பலாக எத்தனை விறகு வேணும், அதற்கு யார் காசு கொடுப்பது, ராத்திரி முழுக்க நின்று எரிப்பது யார் என்று எழுதவில்லை. எங்கள் தெருவில் புதைப்பதுதான் வழக்கம். நாலு ஆளும் மண்வெட்டியும் இருந்தால் குழி ஆயிரும். விறகுக்குக் கடன் வாங்கணும். மண்ணுக்குள் போனவர்களுக்குச் சாம்பல் ஏது? அவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் என்கிற கேள்வியே எழுவதில்லை.

ஆனால் ஊர்க்காரர்களின் சாம்பலை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள்தான். எரிகிற பிணத்தைப் புரட்டிப்போட்டு, விடிந்ததும் தண்ணீர் தெளித்து ஆற்றி, எலும்பு எது கரி எது என்று பிரித்துக் கொடுப்பது வெட்டியான் வேலை. அவர் கையிலிருந்து கலயத்துக்கு மாறியதுமே அதற்குப் பேர் அஸ்தி. அது சிவப்புத் துணி கட்டிக்கொண்டு காரில் பாபநாசத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகும். கொடுத்த கைக்குத் தீட்டு என்று பேர். பொருளில் ஏறாத தீட்டு அதை எடுத்துக் கொடுத்த கையில் மட்டும் எப்படி ஏறும்? இதற்கு எந்தச் சாஸ்திரத்திலாவது ஒழுங்கான பதில் இருந்தால் தோழர்கள் எழுதுங்கள்.

மண்ணிலும் இதே கதைதான். சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், நோய் தீர வாயிலும் போட்டுக்கொள்வார்கள். ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டம் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகும். பாம்பு குடியிருந்த மண் புனிதமானது. அங்கேயிருந்து சில மைல் தள்ளி நம்மாட்களைப் புதைத்த மண் ஓடைப் புறம்போக்கு. சர்வே நம்பர்கூடக் கிடையாது. ஒரே கரிசல்தான் இரண்டும்.

இதெல்லாம் நான் புத்தகம் படித்து யோசித்ததல்ல. எங்கள் பெரியக்கா இறந்தபோது வீட்டுக்குள் வந்த சண்டை யோசிக்க வைத்தது.

அக்கா பருத்தி எடுத்து, களை வெட்டி, தீப்பெட்டி ஒட்டி ஒரே மகனை வளர்த்தவள். அவன் இப்போது வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டுத் தொழிலாளி. மேல்தட்டுகளில் நீச்சல்குளமும் நாட்டியமும் நடக்க, கீழே தண்ணீர் மட்டத்தையொட்டி ஜன்னலில்லாத அறையில் இன்னும் மூன்று பேரோடு படுத்துக்கொள்கிறவன். எங்கள் ஊரில் சுடுகாட்டுக்கு நேர்வழி ஊர்த்தெரு வழியாகத்தான். அதில் நம் பாடை போகக் கூடாது. ஓடைக்குள் இறங்கிப் போகணும். ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். எங்கய்யாவைத் தூக்கிப் போனது அப்படியொரு கார்த்திகையில். கரையில் நின்று பார்த்த அக்கா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. "அய்யா காலெல்லாம் நனைஞ்சிட்டுடா. செத்தும் அவுகளத் தண்ணிக்குள்ள நடக்க வச்சிட்டானுவ. என்னய மட்டும் அந்த வழியாக் கொண்டு போயிராதீக" என்பாள். சரிக்கா, தெரு வழியாகவே கொண்டு போறோம், கேஸ் போட்டிருக்கு என்றால், "அந்தத் தெருவும் வேண்டாம். என்னய வச்சு அங்கன ஒரு வெட்டுக்குத்து வேண்டாம். எரிச்சு அவன்கிட்ட குடுத்திருங்க, அவன் கடல்ல போடட்டும்" என்பாள். கடலை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திருச்செந்தூரில் பார்த்திருக்கிறாள்.

திருநெல்வேலியில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தாள். அங்கேயே எரித்தோம். மருமகன் ஊர் வந்து சேர்ந்தபோது கலயம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. "மாமா, அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். அங்க எந்த ஊரு, எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றான்.

தெருப் பையன்களுக்குக் கோபம். பாதைக்காக மனுக் கொடுத்து அலைகிறவர்கள் அவர்கள்தான். ஒருத்தன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "அண்ணே, பெரியம்மா உடம்ப ஊருக்குக் கொண்டு வந்திருந்தா தெரு வழியா எடுத்திருப்போம்லா? போலீஸ் வந்திருக்கும், கலெக்டர் வந்திருப்பாரு. பொணம் இல்லாம எப்படிண்ணே வழி கேக்கது?"

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுடுகாட்டுப் பாதை என்கிற உரிமை, ஒரு பிணம் வாசலில் கிடக்கிறபோது மட்டுமே அதிகாரிகளின் கண்ணில் படுகிறது. 2016 ஜனவரியில் மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் என்ன நடந்தது? நூறு வயது தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத் தெரு வழியாக எடுத்துச் செல்லலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவே போட்டது. குடும்பம் நாள்கணக்கில் உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீசே உடலைக் கைப்பற்றி வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கம் நாராயணபுரத்தில், வயல் வழியாகப் போக விடாததால், பாலத்து மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவி உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தபோது, தலித்துகளுக்குத் தனியாகச் சுடுகாட்டு இடம் ஒதுக்கிவிட்டோம் என்றது அரசாங்கம். இப்படித் தனித்தனியாகக் கொடுத்தால் நீங்களே பிரிவினையை ஊக்குவிப்பதாக ஆகாதா என்று நீதிமன்றம் கேட்டது. கேட்டது பாதையை, கொடுத்தது தனி இடத்தை. அரசாங்கத்தின் பழைய வித்தை இது.

கடல் விஷயத்தில் என் பயமும் இதுதான். நாளைக்கு ஒரு தாசில்தார், 'அதான் கேஸ் அடுப்பு இருக்கு, ஆறு இருக்கு, கடல் இருக்கு, எதுக்கு அந்தத் தெருவையே பிடிச்சுத் தொங்குறீங்க?' என்று கேட்பார். கேட்கத்தான் போகிறார். நிலத்தில் இடம் தராதவர்களுக்கு, நாம் தடயமில்லாமல் கரைந்துபோவதைவிடச் சவுகரியமானது வேறொன்றுமில்லை.

சாம்பலைத் தூவுவதில் ஒரு பெருந்தன்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருடைய பெருந்தன்மை என்று பார்க்கணும். நேரு 1954-ல் எழுதிய உயிலில் தன் சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் போடவும், அதில் மத அர்த்தம் ஏதுமில்லை என்றும், மீதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களில் தூவவும் சொன்னார். 1964-ல் அப்படியே செய்தார்கள். அழகான ஆசை. ஆனால் தேசம் முழுவதும் தன்னுடையது என்று உணர முடிகிறவருக்குத்தான் அப்படி எங்கேயும் தூவச் சொல்ல முடியும். அந்த வயலில் கூலிக்கு நின்றவளுக்கு வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கவே அனுமதி வேணும். அவள் சாம்பலை அதே வயலில் தூவினால் வயல்காரன் சும்மா இருப்பானா?

அண்ணல் அம்பேத்கரின் கதை வேறு. டில்லியில் 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் அரபிக்கடல். கரைத்துவிட்டுப் போக எந்தக் கஷ்டமும் இல்லை. ஆனால் அவர் சாம்பலைப் பாதுகாத்து, அந்த இடத்திலேயே ஸ்தூபி எழுப்பினார்கள். 1971-ல் அது திறக்கப்பட்டது. இன்றைக்கும் டிசம்பர் 6-ல் லட்சக்கணக்கானவர்கள் சைத்யபூமிக்கு வருகிறார்கள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வருகிறார்கள் என்று முணுமுணுக்கிறவர்களும் உண்டு, கும்பமேளாவுக்கு அப்படி முணுமுணுத்துப் பார்த்ததில்லை. புத்தர் சாம்பலையும் எட்டுப் பங்கு போட்டு எட்டு இடத்தில் ஸ்தூபி கட்டினார்கள் என்பது பௌத்த மரபு. ஆற்றில் விடவில்லை. ஆற்றில் விடுவது பாவம் கழிக்க. கழிக்கப் பாவம் இல்லை என்று நினைக்கிறவர்கள் மண்ணில் வைத்து மேலே அடையாளம் நட்டார்கள். கூடி நிற்க ஒரு இடம் வேணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் அக்கா கேட்டது தப்பா? பையன்கள் அப்படித்தான் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் அந்தப் பக்கமே சாய்ந்து பேசினேன்.

மருமகன்தான் விடவில்லை. "மாமா, நீங்க பேசுதது எல்லாம் சரி. ஆனா எங்கம்மாவ ஒரு மனுவா ஆக்கப் பாக்கீக" என்றான்.

இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. உயிரோடு இருந்தவரை அவள் உடம்பு அவள் சொன்னபடி இருந்ததில்லை. யார் வயலில் குனியணும், எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்கணும், எந்தக் குழாயில் கடைசியாக நிற்கணும் என்று வேறு ஆட்கள்தான் முடிவு செய்தார்கள். செத்த பிறகாவது அது எங்கே போகணும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். ஊர்க்காரன் 'ஓடையில போ' என்றான். நாமும் நம் நியாயத்துக்காக 'தெருவில் போ' என்று சொன்னால், இரண்டுக்கும் நடுவே அவள் சொன்ன 'வேண்டாம்' எங்கே போச்சு? போராட்டம் ஒரு உடம்பைக் கேட்கலாம், சம்மதித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் எடுத்துக்கொள்கிற உரிமை இயக்கத்துக்கும் கிடையாது என்றுதான் எனக்குப் படுகிறது. பாதைக்கான உரிமை உயிரோடு இருக்கிற நம்முடையது. அதற்கு நம் உடம்பை வைத்துப் போராடணும். நம்மில் எத்தனை பேர் பாடை இல்லாமல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் தெரு வழியாகச் சுடுகாடு வரை நடந்து பார்த்திருக்கிறோம்?

ஒன்று மட்டும் மருமகனிடம் சொன்னேன், கடல் எல்லோருக்கும் பொது என்று நம்பிவிடாதே என்று. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்தவர்கள்தான் ராமேஸ்வரத்தில் அதே கடலில் சாம்பலைப் போட்டுப் பாவம் போக்கினார்கள். நம்மாட்களுக்குக் கடல் வேறு மாதிரி. 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தது. பிறகு வரிசையாகக் கப்பல்கள். பதிவேட்டில் பேர், தகப்பன் பேர், ஊர் இவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நம் பேர் நிறைய. அந்தக் காலத்துக் கூலிக் கப்பல்களில் நடுவழியில் செத்தவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போனார்கள். 2010 ஜனவரி 30-ல் காந்தியின் சாம்பலில் மிஞ்சியிருந்த ஒரு பகுதியை அதே டர்பன் கடலில் மரியாதையோடு கரைத்தார்கள். பூ, பிரார்த்தனை, பத்திரிகைப் படம் எல்லாம் இருந்தது. கூலிக் கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கடலில் என்ன இருந்தது?

அவன் கேட்டுக்கொண்டான். "அதனாலதான் மாமா, அம்மா பேரு சொல்லி ஒருத்தி போகட்டும்" என்றான்.

பேசிப்பேசிக் கலயத்தை இரண்டாகப் பிரித்தோம். பையன்களும் கூட இருந்தார்கள். மனிதச் சாம்பல் என்று சொல்கிறோமே தவிர அது பெரும்பாலும் எலும்புப் பொடி, ரெண்டு மூணு கிலோ கனக்கும். காற்றில் பறக்கும் என்று சினிமாவில் காட்டுவது பாதி பொய். நுண்பொடி முகத்தில் திரும்பி வந்து அடிக்கும், மற்றது நேரே கீழே போகும். அதனால்தான் கப்பல்களில் நீரில் கரையும் பெட்டியில் வைத்து, முன்கூட்டியே அனுமதி வாங்கி, கப்பல் அதிகாரி முன்னிலையில் இறக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் எதுவும் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் செய்யலாம், 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்கவும் வேணும். சாதி கேட்காத ஒரு சட்டத்தை அன்றைக்குத்தான் வரிவரியாகப் படித்தேன்.

மூன்று மாதம் கழித்து மருமகன் போனில் ஒரு தாளின் படம் அனுப்பினான். கப்பலில் கொடுத்த சான்று. அக்காவின் பேர், தேதி, நேரம், கப்பல் அப்போது இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. டிகிரி, நிமிடம் எல்லாம் எண்ணில் இருந்தது. அதைப் பையன்களிடம் காட்டினேன். தெருவில் வழி கேட்டு என்னிடம் சண்டை போட்டவன் ரொம்ப நேரம் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான்.

"நம்ம சுடுகாட்டுக்கு இந்த மாதிரி நம்பர் எடுக்க முடியுமாண்ணே?"

எடுக்கலாம், போனிலேயே எடுக்கலாம் என்றேன். மறுநாள் நாலு பேர் போனார்கள். ஓடை வழியாகப் போகவில்லை. தெருவில் ரெண்டு பேர் திண்ணையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்களாம், ஒன்றும் சொல்லவில்லையாம். அய்யா குழி எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. நாலு மூலையிலும் நின்று எண்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். கலயத்தின் மற்ற பாதியைக் கிழக்கு மூலையில் புதைத்து ஒரு கல் நட்டிருக்கிறார்கள். சர்வே நம்பர் கேட்டுத் தாலுகா ஆபீசில் கொடுத்த புது மனுவில் அந்த எண்களும் இருக்கின்றன. மனு பெற்றதற்கான ரசீது கிடைத்திருக்கிறது.