அந்த ஒரு ஓட்டு யாருடையது?

வங்கியில் முப்பத்தோரு வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் பத்து ரூபாய் குறைந்தால் தேடுவோம். கிடைக்காவிட்டால் கைக்காசைப் போட்டுக் கணக்கை மூடுவோம். குறைந்தது கட்டில் எத்தனையாவது நோட்டு என்று யாரும் கேட்டதில்லை.

1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து எதிர்த்த டீக்கடைக்குப் போனால் டிவி முன்னால் கூட்டம். பன்னிரண்டாவது மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு: வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270.

"அந்த ஒரிசாக்காரர்தான் சார் கவுத்துட்டார்" என்றார் எங்கள் ஹெட் கேஷியர்.

கிரிதர் கமாங்கைச் சொன்னார். பிப்ரவரியிலேயே ஒரிசா முதல்வராகிவிட்டவர், கோராபுட் எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை. சபாநாயகர் பாலயோகி, ஓட்டுப் போடுவதை அவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். கமாங் காங்கிரஸ்காரர், எதிர்த்துப் போட்டார்.

கேஷியர் புத்தி சும்மா இருக்குமா? கமாங் வராமலே இருந்திருந்தால் 269க்கு 269. சமமானால்தான் சபாநாயகருக்கு ஓட்டு. அப்போது பழி பாலயோகி தலையில் விழுந்திருக்கும். வாக்களிக்க மாட்டார்கள் என்று நம்பப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து பேரும் எதிர்த்துப் போட்டார்கள். அவர்களை ஏன் விட்டுவிட்டோம்?

பாஜக 182, காங்கிரஸ் 141, மார்க்சிஸ்ட் 32, அதிமுக 18 என்று துண்டு துண்டாகக் கிடந்த சபை. யாருக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை. மூன்று நாள் முன்பு அதிமுக ஆதரவை விலக்கியது. பதினெட்டுப் பேரும் மொத்தமாக அந்தப் பக்கம். எதிரே நின்ற திமுக இந்தப் பக்கம். இதை எவரும் மனசாட்சி என்று சொல்லவில்லை. கொறடா சொன்னால் மனசாட்சிக்கு வேலை இல்லை போலும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதை எழுத்திலும் போட்டுவிட்டது.

வண்டியில் ஏற்றிய மயிலிறகைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். அச்சு முறிந்ததற்கு அவர் கடைசி இறகைத் தேடிப் பிடிக்கவில்லை. அளவு மீறி ஏற்றியதைத்தான் சொல்கிறார்.

மனசாட்சி என்று சொல்லிக் கட்சியை மீறியவர் அன்றைக்கு சைபுதீன் சோஸ். தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரித்தது. இவர் எதிர்த்துப் போட்டார். இவர் ஒருவர் கட்சி சொன்னபடி போட்டிருந்தால் 270க்கு 269, அரசு பிழைத்திருக்கும். கட்சி அவரை நீக்கியது.

"கட்சி டிக்கெட்ல ஜெயிச்சுட்டு துரோகம் பண்ணலாமா சார்?" என்றார் ஹெட் கேஷியர்.

"அப்போ கட்சிக்கு அடங்கின கமாங்கை ஏன் திட்டினீங்க?"

டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 26 அன்று சபை கலைந்தது. அக்டோபரில் ஓட்டு எண்ணியபோது பாஜகவுக்கு மறுபடியும் அதே 182. "பாத்தீங்களா சார், டேலி ஆயிடுச்சு" என்றார் அவர்.