ஐந்தில் ஒரு பங்கு அச்சம்

பார்வையை இழந்தவனின் துயரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். இழக்கக்கூடும் என்று மட்டும் அறிவிக்கப்பட்டவனின் நிலை யாது? அவன் எஞ்சிய ஒளிக்கு நன்றி செலுத்த வேண்டியவனா, வரவிருக்கும் இருளுக்காகப் பொறுமை பயில வேண்டியவனா? அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் புரூனியின் வாழ்வு இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1995இல் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் சேர்ந்தவர் அவர். 2004 முதல் 2009 வரை உணவகங்களை மதிப்பிடும் விமர்சகராக இருந்தார். உணவின்மீது தமக்கிருந்த அடங்கா வேட்கையையே பொருளாக்கி ஒரு நினைவு நூலும் எழுதினார். 2011இல் கருத்துரைப் பத்தியாளரானார். 2017 அக்டோபரில் ஒருநாள் காலை விழித்தபோது வலக்கண்ணில் மூடுபனி கவிந்திருந்தது. பார்வை நரம்புக்குச் செல்லும் குருதி குறைந்து நரம்பு நைந்துவிட்டது. அதனை மீட்கும் உறுதியான மருத்துவம் இல்லை. இடக்கண்ணுக்கும் அவ்வாறே நேர ஏறத்தாழ 20 விழுக்காடு வாய்ப்புண்டு என்றனர் மருத்துவர்கள். கண்ணில் ஊசி ஏற்றும் மருந்துச் சோதனைக்கும் அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார்.

ஐந்தில் ஒரு பங்கு! ஐந்தில் நான்கு பங்கு இலாபம் உறுதி என்றால் வணிகன் மகிழ்ந்து முதல் போடுவான். கண் என்று வரும்போது அதே கணக்கு உறக்கத்தைப் பறித்துவிடுகிறது. ஆனால் நாளைய பொழுதைப் பற்றிய உறுதி நம்மில் எவருக்கு எப்போது இருந்தது? அவருக்கு எண் சொல்லப்பட்டது, நமக்குச் சொல்லப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

2018இல் அவர் தம் நிலையைப் பத்தியிலேயே எழுதினார். இது முறையீடாகாதா? மகனைப் பிரிந்த துயரில் விழி வெளுத்த யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் வேதனையை இறைவனிடமே முறையிட்டார்கள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வையம் எழுவது இயல்பு. இளமையிலேயே பார்வையிழந்த எகிப்தியப் பேரறிஞர் தாஹா ஹுஸைன் தம் 'அல்-அய்யாம்' நூலில் தம்மை 'நான்' என்னாது படர்க்கையிலேயே கூறுகிறார். துயரைச் சொல்லியும் கழிவிரக்கத்துக்கு இடந்தராத முறை அது. புரூனியோ 'நான்' என்றே எழுதுகிறார். எனினும் 2022இல் வெளிவந்த, அந்தியின் அழகு என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய நூலில் பெரும்பகுதி பிறர் பட்ட பாடுகளுக்கே உரியது. கேட்பவரின் இரக்கத்தை வாங்கிச் செல்வது முறையீடு. பிறர் துன்பத்தைக் கேட்பவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதை அப்பெயரால் அழைக்க மனம் ஒப்பவில்லை.

ஒவ்வொருவரும் தத்தம் வேதனைகளைப் பலகையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் நாம் ஒருவரையொருவர் இன்னும் கனிவாக நடத்துவோமே என்பது அந்நூலில் அவர் காணும் கற்பனை. அழகிய கற்பனைதான், ஆயினும் அது எனக்குப் பாதி நிறைவையே தருகிறது. பலகை தொங்கினால்தான் கண்டுகொள்வோம் என்றால், காணும் கடமையைத் துன்புறுபவன் தலையிலேயே சுமத்திவிட்டோம் அல்லவா? நூல் கோக்கத் தடுமாறும் தையற்காரருக்குப் பத்தி எழுத நாளேடு ஏது? தடுமாற்றம் வெளியே தெரிந்தால் துணி கொண்டுவருவோர் வேறு கடை பார்ப்பர் என்று அவர் அதனை மறைக்கவே முயல்வார். பெயரும் பொருளும் உடையவர்க்கே தம் குறையை அறிவிக்கும் துணிவு எளிதில் வாய்க்கிறது.

2021இல் முழுநேரப் பத்திரிகைப் பணியை விட்டு, டியூக் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கச் சென்றார் புரூனி. நூல் வெளிவந்த நாளில் அவருடைய இடக்கண் ஒளியோடுதான் இருந்தது.