ஆண்டுக்கு ஒரு யானை

சீனத்தின் வடகோடியிலிருந்து வடதுருவ வட்டத்துக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர். அப்படியிருந்தும் 2018 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, சீனத்தை 'வடதுருவத்தை அடுத்துள்ள நாடு' என்று வர்ணித்தது. இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இமயமலை அடிவாரத்துக்காரன் என்று சொல்லிக்கொள்வது போலிருக்கிறதே!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் புதுக்கோட்டைச் சீமைக்காரன். கப்பலில் வந்து துணி வாங்கிக்கொண்டிருந்த ஒரு வியாபாரக் கூட்டம், எங்கள் ராஜாவுக்கு யார் வாரிசு என்று தீர்மானிக்கும் நிலைக்கு வந்த கதையைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவன். தூரம் என்பது ஒரு தடையே அல்ல.

வளர்ந்து வரும் வல்லரசு ஒரு பிரதேசத்துக்குள் கால் வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கிற சின்னவன் என்ன செய்வது நியாயம்? இதுதான் என் மனத்தை அரிக்கிற கேள்வி.

கிரீன்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பில் பிரம்மாண்டமான தீவு; ஜனத்தொகை 60,000-க்கும் குறைவு. டென்மார்க் முடியரசுக்கு உட்பட்டுத் தன்னாட்சி நடத்துகிறது. அங்கே விமான நிலையங்கள் கட்ட வேண்டியிருந்தது. 2018-இல் போட்டிக்கு வந்த நிறுவனங்களில் ஒரு சீன நிறுவனமும் இருந்தது. அதுவரை கைகட்டி நின்ற டென்மார்க் அரசாங்கம் அந்தச் செப்டம்பரிலேயே பங்கு போடவும் கடன் கொடுக்கவும் முன்வந்துவிட்டது. அடுத்த ஆண்டு சீன நிறுவனம் விலகிக்கொண்டது. தலைநகர் நூக்கில் புதிய விமான நிலையம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. சீனம் அங்கே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வந்தாலும் வரக்கூடும் என்பதே போதுமானதாக இருந்தது. சின்னவனின் வீட்டுக்குப் பழைய எஜமானன் பையோடு ஓடி வந்துவிட்டான்.

நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், பெரியவர்கள் இரண்டு பேராக இருக்கும்வரை.

எங்கள் ஊர்க் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை முற்றுகையிட்டார்கள். உள்ளே முகமதலியும் கும்பினிப் படையும். கோட்டைக்குள் தானியம் போகாவிட்டால் கும்பினியின் பாடு திண்டாட்டமாகியிருக்கும். தொண்டைமான் தானியமும் ஆட்களும் அனுப்பினார். பிரெஞ்சுக்காரர் ஒருபுறம், மைசூர் மறுபுறம் என்று போட்டி இருந்த காலமெல்லாம் அவருடைய நட்புக்கு நல்ல விலை இருந்தது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் மடிந்தார். அதன்பிறகு இந்தப் பக்கத்தில் பெரியவர் ஒருவரே. அதே ஆண்டு, எங்கள் சீமைக் காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்து ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கு.

அந்த உதவிகளுக்கெல்லாம் சன்மானமாக 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் கிடைத்தன. பிறருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகச் செலுத்த வேண்டும் என்று இன்னொன்று. அந்த யானையைக் கும்பினியார் ஒருபோதும் வற்புறுத்திக் கேட்கவில்லையாம். பெருந்தன்மை என்று சொல்வார்கள். கேட்கலாம் என்ற உரிமை கையில் இருக்கும்போது யானை எதற்கு?

1807-இல் ராஜா இறந்து, பட்டத்துக்கு வந்தவர் சிறுவராக இருந்தபோது, நிர்வாகத்தைக் கவனித்தவர் தஞ்சாவூர் ரெசிடெண்டு பிளாக்பர்ன். 1915-இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தியை மணந்தார். மறு ஆண்டு பிறந்த பிள்ளையை வாரிசாக ஏற்க ஆங்கிலேயர் மறுத்துவிட்டார்கள். 1928-இல் அவர்கள் சம்மதத்தோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்தது வேறொரு குழந்தை, வயது ஆறு.

தொண்டைமானுக்காக வாதாடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களை நான் அலட்சியம் செய்வதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கில் தொங்கினார்கள். புதுக்கோட்டை மட்டும் 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானமாக நின்றது. தன் அம்மன் காசைத் தானே அடித்துக்கொண்டது. குடிகளைக் காப்பாற்றுவது ராஜதர்மம் இல்லையா என்று கேட்கிறார்கள். வலுவான கேள்வி. எழுந்து வரும் வல்லரசோடு கைகோத்ததை மட்டும் வைத்து அவரைப் பழிக்க என்னால் முடியாது. மற்றப் பாளையக்காரர்களில் பலரும் சமயம் பார்த்துச் செய்ததுதான் அது.

என் நெஞ்சு ஒப்பாத இடம் வேறு. பேரம் பேசியவர்கள் இருவர். விலையாகப் போனது மூன்றாமவன் உயிர். காட்டுக்குள் நம்பி வந்தவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது.

துருவப் பிரதேசத்திலும் இதே மூன்றாமவன் இருக்கிறான். 1996-இல் அமைந்த ஆர்க்டிக் கவுன்சிலில் எட்டு நாடுகள் அங்கத்தினர்; பூர்வ குடிகளின் ஆறு அமைப்புகளுக்கும் நிரந்தர இடம் உண்டு. ஆனால் தீர்மானம் செய்வது எட்டு நாடுகளே. 2013-இல் சீனம் அங்கே பார்வையாளர் நாற்காலி பெற்றது. அதே கூட்டத்தில் நம் இந்தியாவும் பெற்றது. ஆகவே பிறரை மட்டும் கைகாட்டிப் பேச நமக்கு வழியில்லை.

அங்கே பேரம் எப்படி நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அப்போது எழுந்து வந்த வல்லரசு அமெரிக்கா. கிரீன்லாந்தின் வடமேற்கில் துலே என்ற இடத்தில் அது விமானத்தளம் அமைத்தது. டென்மார்க் சம்மதித்தது. 1953-இல் தளத்தை விரிக்க வேண்டிவந்தபோது, கடல்நாயும் பனிக்கடல் யானையும் வேட்டையாடி அங்கே வாழ்ந்த குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் வீடு வாசலை விட்டு வெளியேறச் செய்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே அனுப்பினார்கள். இரு அரசாங்கங்களுக்கும் நட்பு வளர்ந்தது. குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. ஐம்பது ஆண்டு கழித்து, 2003-இல், டென்மார்க்கின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: நஷ்ட ஈடு உண்டு, திரும்பிப் போக உரிமை இல்லை.