தோற்ற ஓட்டு எங்கே போகிறது?

2014 மே மாதம் ஓட்டு எண்ணி முடித்தபோது, தமிழகத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தி.மு.க.வின் உதயசூரியனுக்கு வாக்களித்திருந்தது தெரிந்தது. பதிவான ஓட்டில் அது 23 சதவீதத்துக்கு மேல். ஆனால் மக்களவையில் தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. 44 சதவீதம் பெற்ற அ.தி.மு.க. 39 தொகுதிகளில் 37-ஐ அள்ளியது. 2024-இல் நிலைமை தலைகீழானது. ஏறத்தாழ 47 சதவீதம் பெற்ற தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளையும் வென்றது. 20 சதவீத ஓட்டைத் தாண்டிய அ.தி.மு.க. வெறுங்கையோடு நின்றது. இரு கட்சிகளும் மாறி மாறிப் பட்டுவிட்டன. இரண்டுமே தொகுதியில் முந்தியவரே வெல்லும் முறையை மாற்றச் சொல்லித் தெருவில் இறங்கவில்லை. அடுத்த முறை அள்ளப்போவது தாமே என்ற நம்பிக்கை இருவருக்கும் உண்டு.

இதைக் கட்சிகளின் லாப நட்டக் கணக்காகப் பார்த்தால் விஷயம் கைநழுவிவிடும். வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்ட ஒருவருடைய விருப்பம் அவைக்குள் எந்த வடிவிலும் நுழையாவிட்டால், அவர் அந்த நாட்டை ஆள்வதில் பங்கெடுத்தவரா, வெறுமனே எண்ணப்பட்டவரா?

ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் இதற்கு ஒரு விடை சொன்னார். முடிவெடுப்பது ஒன்று, பேசுவது இன்னொன்று. முடிவெடுக்கும் உரிமை பெரும்பான்மைக்குப் போகலாம். பேசும் இடம் எல்லோருக்கும் வேண்டும். சிறுபான்மை அவைக்குள் தோற்கட்டும், வாசலிலேயே தோற்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

வாசலிலேயே தோற்பது எதில் போய் முடியும் என்பதற்கு இலங்கையின் 1977 தேர்தலைப் பார்த்தால் போதும். அன்று அங்கேயும் தொகுதியில் முந்தியவரே வென்றவர். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 சதவீத ஓட்டு. 168 இடங்களில் 140. சுதந்திரக் கட்சி 30 சதவீதத்தை நெருங்கியும் அதற்குக் கிடைத்தவை 8. வடக்கிலும் கிழக்கிலும் ஆதரவு திரண்டிருந்ததால், 7 சதவீதத்தைத் தொடாத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களைப் பெற்றது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பாதி நாட்டின் ஓட்டு ஆறில் ஐந்து பங்கு அதிகாரமாக ஊதிப் பெருத்தது. அந்தப் பலத்தில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதவியை உருவாக்கி, 1978-இல் புதிய அரசியலமைப்பையும் கொண்டுவந்தார். ஓட்டுப் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்ததும் அதே அரசியலமைப்புதான்.

ஆனால் முறை மாறியதால் மட்டும் அங்கே தமிழர் காயம் ஆறிவிடவில்லை. 1983-இல் வந்த ஆறாவது திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்னது. மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தார்கள். எண்ணும் முறை சரியாக இருந்தாலும், கேட்கும் மனம் வேறு இடத்திலிருந்துதான் வரவேண்டும். சீர்திருத்தம் கேட்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

எதிர்வாதமும் லேசானதல்ல. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசாரக் கோரிக்கை எழுந்தபோது, எழுத்தறிவு பரவாத நாட்டுக்கு அது பொருந்தாது, சட்டமன்றங்கள் சிதறி அரசுகள் நிலைக்காது என்று மறுத்தவர் அம்பேத்கர். பிரதிநிதித்துவத்தின் வலியை அவரைவிட அறிந்தவர் யார்? 1932-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தங்கள் உறுப்பினரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி உரிமை கிடைத்தும், காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததால் பூனா ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுத்தவர் அவர். ஒதுக்கப்பட்ட இடங்கள் கூடின. ஆனால் அந்த இடங்களுக்கான உறுப்பினரை இறுதியில் தேர்ந்தெடுப்பது தொகுதி முழுவதும். அப்படியானால் அவர் யாருக்குக் கடன்பட்டவர்? ரிசர்வ் தொகுதிகளில் அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

குறையற்ற முறை என்று ஒன்று கிடையாது. எளிதாகத் தோன்றும் சில நியாயங்களை மட்டும் விதித்தாலும், அத்தனையையும் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை வாக்குமுறை இருக்க முடியாது என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951-இல் கணிதத்தால் நிறுவினார். இதைக் கேட்டுக் கைகட்டி உட்காருபவர்கள் உண்டு. எந்த முறையிலும் யாருக்கோ அநியாயம் நடக்கும் என்றால், எந்த அநியாயத்தை ஏற்பது என்பதை வாழையடி வாழையாக வந்த பழக்கம் தீர்மானிக்கக் கூடாது, மக்கள் அறிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதல்லவா அதிலிருந்து கிடைக்கும் பாடம்?

எழுத்தறிவு பற்றிய அம்பேத்கரின் தடை இன்று பெரிதும் விலகிவிட்டது. நிலைத்த அரசு பற்றிய கவலை மட்டும் நியாயமாகவே மிஞ்சுகிறது. அதையும் மதித்து, தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு மக்களவையை 25 சதவீதம் பெரிதாக்கி, கூடுதல் இடங்களைக் கட்சிப் பட்டியல் வழியே நிரப்பலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. நிதானமான வழி அது. அலமாரியில் கிடக்கிறது.

முறையை மாற்றிக் காட்டிய நாடும் உண்டு. நியூசிலாந்தில் 1978-லும் 1981-லும் அதிக ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி எதிர்வரிசையில் உட்கார நேர்ந்தது. 1981-இல் 20 சதவீதத்துக்கு மேல் பெற்ற மூன்றாவது கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அந்த நாடு ஆணையம் அமைத்தது, 1992-லும் 1993-லும் மக்களிடம் கேட்டது, 1996 முதல் ஒவ்வொருவருக்கும் தொகுதிக்கு ஓர் ஓட்டு, கட்சிக்கு ஓர் ஓட்டு என்று கொடுத்தது. 15 ஆண்டு பழகிய பிறகு, 2011-இல் மறுபடி கேட்டது. ஏறத்தாழ 58 சதவீதம் பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள். முதல் பொதுத்தேர்தலிலிருந்து ஓட்டுப் போட்டுவரும் இந்தியரிடம் அந்தக் கேள்வியை எந்த அரசும் இதுவரை வைக்கவில்லை.