நம்பாடுவானும் மேடை நடுக்கமும்



மார்கழி விடியலில் மயிலை ஸ்ரீகேசவப் பெருமாள் ஸந்நிதியில் திருப்பாவை முப்பதும் தடையின்றிச் சேவிக்கும் குழந்தை, அன்று பகலிலேயே ஸபை மேடையில் அமர்ந்ததும் நா வறண்டு, கை நடுங்கி, தாளம் பிசகித் தவிப்பதுண்டு. வித்தை வரவில்லையென்று பெற்றோர் முடிவு கட்டிப் பாட்டையே நிறுத்திவிடுகின்றனர். எத்தனை குரல்கள் இப்படி அடங்கிப்போயினவோ! கோஷ்டியில் ஓரடி மறந்தால் பக்கத்தார் குரல் தாங்கிக்கொள்ளும். மேடையில் அத்துணை இல்லை. துணையின்மையால் வரும் அச்சத்தை வித்தைக் குறைவென்று கொள்ளலாகாது.

வராஹ புராணத்துக் கைசிக மாஹாத்மியத்தை அன்பர்கள் அறிவர். பாணர் குலத்து நம்பாடுவான், கார்த்திகை சுக்லபக்ஷ ஏகாதசி இரவில், திருக்குறுங்குடி நம்பியைப் பாடச் செல்லும் வழியில் பிரம்மராக்ஷஸனிடம் அகப்பட்டான். பாடிவிட்டுத் திரும்பி வந்து இரையாவதாகப் பதினெட்டுச் சபதங்கள் செய்து விடைபெற்றான். விடிந்தால் மரணம். ஆயினும் அன்று அவன் பாட்டுக் குலையவில்லை. காரணம் யாது? பல்லாண்டுகள் இரவுதோறும் பாடிய பாட்டே அன்றும் பாடினான்; கேட்கும் செவியும் அதே செவி. கோயிலுக்குப் புறம்பே நின்றவனுக்குச் சபையுமில்லை, கைதட்டலுமில்லை. இளையோருக்கு ஸபைகள் தரும் பகல்வேளைக் கச்சேரியில் நாற்காலிகள் காலியாயிருப்பின் மனம் நோகும் குழந்தைக்கு இவ்விடத்தை எடுத்துச் சொல்லவேண்டும்.

ஸாதகமின்றித் தைரியம் மட்டும் போதுமோ? போதாது. செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யருக்கு (1908–2003) இளமையில் சாரீரம் ஒத்துழைக்கவில்லை. பிடில் கற்கலாமென்றே யோசனை கூறினர். அவரோ அசுர ஸாதகம் செய்தார். 1927-இல் சென்னைக் காங்கிரஸையொட்டி நிகழ்ந்த கச்சேரி அவருக்குப் பெயர் தேடித்தந்தது. 1947-இல் ஸங்கீத கலாநிதியானார். கரகரப்பு முற்றும் அகலவில்லை, அதைக்கொண்டே பாடினார். பிறர் குரலைப் பிரதி செய்ய முயலும் பிள்ளைகள் இதை நினைக்கவேண்டும்.

திருப்பாவைக்கு மெட்டமைத்த அரியக்குடி ராமாநுஜய்யங்கார் வகுத்த முறையில் கச்சேரி வர்ணத்தோடு தொடங்கும். நன்கு பழகிய வர்ணத்தை முதலில் பாடுகையில் சாரீரமும் இளகும், நெஞ்சும் அடங்கும். புதிய கிருதியை முதலில் வைத்துத் திணறச் செய்வது பெரியோர் பிழையே. ஓரிடத்தில் தவறினால் நின்று முகம் சுளிக்காமல் தாளத்தைப் பற்றிக்கொண்டு மேலே செல்லவும் வீட்டிலேயே பழக்கலாம்.

கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடியில் நம்பாடுவான் சரிதம் நாடகமாகவே நடிக்கப்படுகிறது. பாடும் குழந்தைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று ஸேவிக்கச் செய்யலாம்.